பொருளாதார மந்த காலத்து அமெரிக்க நாடகமும் அதன் போஸ்டர்களும்: கேள்வி பதில்

கேள்வி: சார், 1930களில் அமெரிக்க அரசே நாடகம் போட்டதாமே?

ஆமாம், பெடரல் தியேட்டர் புராஜெக்ட். 1935 ஆகஸ்டில் தொடங்கி 1939 ஜூன் 30-ல் முடிந்தது. வேலையிழந்த நடிகர், தச்சர், தையல்காரர், விளக்குக்காரர் எல்லாருக்கும் சம்பளம் கொடுக்க வந்த திட்டம். தலைவர் ஹாலி ஃப்ளானகன். உச்சத்தில் 12,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள்.

கேள்வி: போஸ்டர்கள் எல்லாம் கையால் வரைந்தவையா?

நல்ல கேள்வி. போஸ்டர் போட அரசு நடத்திய நியூயார்க் பிரிவில் ஆரம்பத்தில் ஒவ்வொன்றையும் கையால்தான் வரைந்தார்கள். ஆண்டனி வெலோனிஸ் என்ற கலைஞர் வந்து சில்க் ஸ்கிரீன் அச்சு முறையைப் புகுத்தினார். சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டுத்துணியில் மை இறங்கக் கூடாத இடங்களை அடைத்துவிட்டு, ரப்பர் பட்டையால் மையை இழுப்பார்கள். ஒரு நிறத்துக்கு ஒரு திரை. நிறம் கூடக் கூட வேலை கூடும். அதனால்தான் அந்தத் தட்டையான நிறங்கள், பெரிய உருவங்கள், குறைந்த எழுத்து. பிரிவை நடத்திய ரிச்சர்ட் ஃப்ளோத்தே ஜெர்மனியின் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியில் படித்தவர், அந்தச் சாயலும் உண்டு. ஆனால் அழகில் பாதி, அச்சு முறையே கொடுத்தது என்பேன். நாடு முழுவதும் நாடகம், சுகாதாரம், மிருகக்காட்சிசாலை என எல்லாவற்றுக்கும் சேர்த்து 35,000 வடிவங்கள், ஏறத்தாழ 20 லட்சம் பிரதிகள். மிஞ்சியவை சுமார் 2,000 மட்டுமே.

கேள்வி: என்னிடம் ஹார்லெம் 'மக்பெத்' போஸ்டர் இருக்கிறது. ஒரிஜினலா?

1936-ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், லாஃபயெட் அரங்கில், கறுப்பின நடிகர்களை வைத்து 20 வயது ஆர்சன் வெல்ஸ் இயக்கியது. சரி, லென்ஸை எடுங்கள். நுண்புள்ளிகள் தெரிந்தால் பிற்கால ஆஃப்செட் பிரதி. சில்க் ஸ்கிரீனில் மை காகிதத்தின் மேல் தடிப்பாக, புள்ளியில்லாமல் நிற்கும். பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா?

மேலே பாருங்கள். லென்ஸ்.

கேள்வி: அரசுக் காசு வாங்கினால் ஜால்ராதானே அடிக்க முடியும்?

இதைச் சும்மா விட முடியாது. உங்கள் பக்கம் சாட்சி இருக்கிறது: தணிக்கை இருக்காது என்று வாக்குக் கொடுத்துவிட்டு, 1936 தொடக்கத்திலேயே 'எத்தியோப்பியா' நாடகத்தை நிறுத்தினார்கள். வெளிநாட்டுத் தலைவர்களை மேடையில் காட்டியதுதான் குற்றம். திட்டத்தின் நியூயார்க் தலைவர் எல்மர் ரைஸ் பதவியை உதறினார். 'பவர்' நாடகமோ அரசின் டென்னசி மின் திட்டத்துக்கு வெளிப்படையாகவே ஆதரவு. ஆனால் 1938-ல் வந்த 'ஒன் தேர்ட் ஆஃப் எ நேஷன்' குடிசைப்பகுதிக் கொடுமையைக் காட்டி நாடாளுமன்றத்தையே கடுப்பேற்றியது. ஜால்ரா அடித்தவர்களை யாராவது விசாரணைக்கு இழுப்பார்களா? அந்த டிசம்பரில் டைஸ் கமிட்டி என்ற நாடாளுமன்ற விசாரணைக் குழுவில் ஃப்ளானகனிடம், ஆங்கில நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோ கம்யூனிஸ்டா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். மார்லோ இறந்தது 1593-ல்!

கேள்வி (அதே நண்பர்): தடுத்ததும் அரசு, மூடியதும் அரசு. நான் சொன்னதுதானே?

இல்லை. காசு கொடுத்ததால் நாடகம் கெட்டது என்றீர்கள். இங்கே நாடகம் கெடாமல் நின்றதால்தான் 1939-ல் நாடாளுமன்றம் காசை நிறுத்தியது. அரசு ஒரே ஆள் இல்லை. ஃப்ளானகனும் அரசு ஊழியர்தான், நாடாளுமன்றத்தில் அவரை எதிர்த்தவர்களும் அரசுதான்.

கேள்வி: சோவியத் போஸ்டர்கள் பற்றி?

என் துறை இல்லை.

கேள்வி: ஒரிஜினலை எப்படிக் கண்டுபிடிப்பது?

லென்ஸ், நண்பரே, லென்ஸ். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் 900-க்கும் மேல் இருக்கின்றன, இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வாங்கும் முன் அங்கே போய் ஒப்பிடுங்கள்.