பாஸ்புக்கை எடுத்து வந்த பாட்டி

கேள்வி: என் வயது 44. ஜவுளி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். 'இறந்துபோன வாடிக்கையாளரின் ஒரு கோடி டாலர் உங்களுக்கு வரவேண்டியிருக்கிறது' என்று மெயில் அனுப்பும் மோசடிக்காரர்களுக்குப் பதில் எழுதி அலையவிடுவது என் பொழுதுபோக்கு. இப்போது ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர் வேஷத்தில், புர்கினா ஃபாசோவில் 'வங்கி இயக்குநர்' என்று சொல்லிக்கொள்ளும் ஒருவனை நான்கு மாதமாக இழுத்தடிக்கிறேன். 61 மெயில் ஆகிவிட்டது. பிரிண்ட் எடுத்து இணைத்திருக்கிறேன். எட்டாவது படிக்கும் மகனும் பக்கத்தில் உட்கார்ந்து ஐடியா கொடுப்பான். (ஒருநாள் அவன் ஊரிலிருக்கும் என் அம்மாவுக்கே புது சிம்மிலிருந்து பேங்க் மேனேஜர் குரலில் போன் போட்டுவிட்டான். அம்மா பதறிப்போய் பாஸ்புக்கை எடுத்து வந்து நம்பரைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். வீடே சிரித்தது!) என் மனைவியோ, 'திருடனாகவே இருந்தாலும் ஒருத்தனை நம்பவைத்து ஏமாற்றுவது பாவம்' என்கிறாள். அடுத்து, பணத்தை நேரில் தருவதாகச் சொல்லி அவனை கானாவுக்கு பஸ் ஏறவைக்கத் திட்டம். செய்யலாமா?
– பெயர் வேண்டாம், கரூர்

பதில்: தம்பி, 61 மெயிலையும் படித்தேன். கட்டணம் கட்டிய ரசீதைக் கேட்டவனுக்கு மாரியம்மன் கோயில் அர்ச்சனைச் சீட்டை ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறீர்கள். 'மேலதிகாரிகளுக்கு இந்த மொழி புரியவில்லை ஐயா, வங்கி முத்திரை தெரியும்படி அனுப்பவும்' என்று அவன் பணிவாகக் கேட்கிறான். மறுநாள் அதே சீட்டில் குங்குமத்தைத் தடவி, 'முத்திரை போட்டாயிற்று' என்று அனுப்புகிறீர்கள். சாப்பிட்டுக்கொண்டே படித்தேன், புரை ஏறிவிட்டது. ஒரு கோடி டாலரைத் தீபாவளிச் சீட்டில் மாதாமாதம் கழித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்ததும் அருமை. கை தேர்ந்த ஆள்தான்.

ஆனால் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, உங்கள் அம்மாவைப் பற்றி மூன்று வரி, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

வீடே சிரித்தது என்கிறீர்கள். அப்புறம்? 'விளையாட்டுக்குத்தான் பாட்டி' என்று யார் சொன்னது? உடனே சொன்னீர்களா, நாலு நம்பரைப் படித்து முடிக்கும்வரை விட்டீர்களா? போனை வைத்த பிறகு அவர் சாப்பிட்டாரா? அடுத்த வாரம் யாராவது ஊருக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'அம்மா, பேங்கிலிருந்து இப்படி யாரும் போனில் கேட்கமாட்டார்கள்' என்று சொன்னீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. குங்குமத்தை எந்த விரலால் தடவினீர்கள் என்பதுவரை எழுதுகிற மனிதர் நீங்கள். நடந்திருந்தால் எழுதியிருப்பீர்கள்.

நடந்தது என்னவென்று உங்களுக்குப் புரியவில்லை போலிருக்கிறது, சொல்கிறேன். கோர்மாக் ஹெர்லி என்று மைக்ரோசாஃப்டில் ஓர் ஆராய்ச்சியாளர். நைஜீரிய மோசடிக்காரர்கள் ஏன் தங்களை நைஜீரியா என்றே சொல்லிக்கொள்கிறார்கள் என்று 2012ல் ஒரு கட்டுரை எழுதினார். ஊர் உலகத்துக்கே தெரிந்த பொய்யை எதற்கு மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்? முட்டாள்தனத்தால் இல்லை. மெயில் அனுப்பச் செலவே கிடையாது. பதில் போடுகிறவனோடு மாரடிப்பதில்தான் செலவு. அதனால் நம்மைப் போன்றவர்கள் முதல் வரியிலேயே சிரித்துவிட்டு விலகிவிட வேண்டும், அதையும் நம்புகிறவர் மட்டும் மிஞ்ச வேண்டும். அந்த அபத்தம் ஒரு சல்லடை. லட்சக்கணக்கில் மெயில் அனுப்பிச் சலித்து அவர்கள் தேடுவது யாரை? போன் வந்ததும் பதறிப்போய் பாஸ்புக்கை எடுத்து வருகிறவரை. உங்கள் பையன் ஒரே போனில் அந்த ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டான். அது உங்கள் அம்மா. நீங்கள் கைதட்டியிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. நாளைக்கு நிஜமாகவே ஒருவன் கூப்பிட்டு, அவர் ஓடிபியைச் சொல்லி, கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் உங்களிடம் சொல்வார் என்றா நினைக்கிறீர்கள்? மாட்டார். ஒருமுறை வீடே சிரித்தது அவருக்கு ஞாபகம் இருக்கும். என் பெரியம்மா அப்படித்தான் இருந்தார். பென்ஷன் சரிபார்க்கிறோம் என்று யாரோ பேசி 30,000 ரூபாயை உருவிவிட்டார்கள். வாயே திறக்கவில்லை. இரண்டு வளையலை அடகு வைத்து அந்தப் பள்ளத்தை நிரப்பினார். கல்யாண வீட்டில் வெறுங்கையோடு நின்றபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. ஏன் பெரியம்மா சொல்லவில்லை என்றால், 'நீங்கள் எல்லாம் படித்தவர்கள், சிரிப்பீர்கள்' என்றார். அதற்குள் ஏழு மாதம் ஓடியிருந்தது. பணம் போன முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்தால், அது அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. ஏழு மாதம் கழித்து என்ன செய்ய?

பிரிட்டனில் ஓ2 என்ற தொலைபேசி நிறுவனம் 2024 நவம்பரில் ஒரு பாட்டியை உருவாக்கியது. டெய்சி என்று பெயர். செயற்கை நுண்ணறிவுதான், ஆள் கிடையாது. மோசடிக்காரன் கூப்பிட்டால் பேரப்பிள்ளைகள், பின்னல் வேலை என்று அவனை முடிந்தவரை பேச்சிலேயே கட்டிப்போடும் வேலை அதற்கு. நிஜப் பாட்டிகளைக் காப்பாற்ற அவர்கள் பொய்ப் பாட்டி செய்தார்கள். உங்கள் வீட்டில் நிஜப் பாட்டியையே பொம்மையாக்கியிருக்கிறீர்கள்.

பையனைக் குறை சொல்லமாட்டேன். நான்கு மாதமாக அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவன் கற்றுக்கொண்டது, நம்புகிறவனைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பது. திருடனுக்கும் பாட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லித்தருவது யார் வேலை? அப்பன் வேலை. ஐடியா கேட்கிற நேரத்தில் அதைச் சொல்லியிருக்கலாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாவ புண்ணியக் கணக்கில் உங்கள் மனைவியோடு எனக்கு ஒப்புதல் இல்லை. நாம் 420 என்று திட்டுவதை நைஜீரியாவில் 419 என்பார்கள், அங்கே குற்றவியல் சட்டத்தில் அது அந்தப் பிரிவு. (நம் 420ம் 2024 ஜூலையிலிருந்து 318 ஆகிவிட்டது. யாரையாவது 318 என்று திட்டினால் கோபமே வராது போல.) ஆயிரம் பேரின் சேமிப்புக்கு வலைவீசுகிறவனின் ஒரு சாயங்காலம் உங்களால் வீணானால் எனக்கு வருத்தமே இல்லை. ஹெர்லியின் கணக்குப்படியும், தேறாத ஆளோடு மாரடித்த நேரம் அவனுக்கு நஷ்டம்தான்.

ஆனால் கானா பஸ் வேண்டாம். இந்த விளையாட்டில் ஊறியவர்கள் இதற்கு சஃபாரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தன்னைத்தானே கேவலப்படுத்தும் வாசகத்தை அட்டையில் எழுதித் தூக்கிப்பிடிக்கச் சொல்லி போட்டோ வாங்கி, அதைக் கோப்பை மாதிரி மாட்டிவைப்பவர்களும் உண்டு. அந்த இடத்தில் அது தமாஷ் இல்லை, வேறு ஏதோ. அதோடு, எழுதுகிறவன் யாரென்று உங்களுக்குத் தெரியாது. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் அடைத்துவைக்கப்பட்டு ஆன்லைன் மோசடி வேலை பார்க்க வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023ல் சொன்னது. ஐடி வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் மியாவாடியில் மாட்டிக்கொண்ட நம் ஊர்ப் பையன்களும் 2022ல் மீட்கப்பட்டு வந்தார்கள். உங்கள் ஆள் அந்த ரகமில்லாமல் இருக்கலாம். ஆனால் அவன் புர்கினா ஃபாசோவில் இருக்கிறான் என்பதே அவன் சொன்னதுதானே! ஒரு கோடி டாலரை நம்பாத நீங்கள் அந்த விலாசத்தை நம்பி பஸ் ரூட் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

விடமாட்டேன் என்றால் சொந்த மெயிலிலிருந்து எழுதாதீர்கள். அவன் அனுப்பும் எதையும் திறக்காதீர்கள். அந்த அர்ச்சனைச் சீட்டில் உங்கள் ஊர்க் கோயிலின் பெயர் அச்சாகியிருக்கிறது, கவனித்தீர்களா?

வரும் ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போங்கள். முதலில் அவன் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்கட்டும், பிறகு நீங்கள். 'அதெல்லாம் ஒன்றுமில்லடா' என்பார், அதை நம்பாதீர்கள். 1930 என்று பெரிய எழுத்தில் எழுதி, பஞ்சாங்கக் காலண்டர் பக்கத்தில் அவர் கண்மட்டத்துக்கு ஒட்டுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பையன் மறுபடி மேனேஜர் குரலில் பேசட்டும், இந்தமுறை பாட்டிக்குத் தெரிந்தே. அவர் அவனை வாய்க்கு வந்தபடி திட்டிப் போனை வைக்கப் பழகட்டும். கரூர்ப் பக்கத்து அம்மாக்களுக்குத் திட்டக் கற்றுத்தர வேண்டியதில்லை.

அவர் என்ன சொல்லித் திட்டினார் என்று எழுதி அனுப்புங்கள். 62வது மெயில் எனக்கு வேண்டாம்.