மறு: "நீதி" என்றதுமே மகன் எழுந்து ஓடுகிறான்

வணக்கம். கதை வீடியோவில் "இதிலிருந்து நாம் அறியும் நீதி" வந்ததும் ஏழு வயது மகன் ஓடுகிறான், பழைய கதைகளைச் சொன்னால் பயப்படுவானோ என்று உங்களுக்குத் தயக்கம். அதுதானே? பையன் மேல் தப்பில்லை.

பஞ்சதந்திரத்தில் நீலச்சாயத் தொட்டியில் விழுந்த நரி ராஜாவாகும், அப்புறம் மற்ற நரிகளின் ஊளையைக் கேட்டுத் தன்னை மறந்து தானும் ஊளையிட்டுச் சாகும். நான் பார்த்த ஒரு வீடியோவில் அது மன்னிப்புக் கேட்கிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். நான் பழையபடியே சொன்னேன். ஊளை வந்ததும் என் மகள் போர்வைக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல்: "அப்பா, இன்னொரு தடவை ஊளையிடு."

உங்கள் மகனுக்கு விக்கிரமாதித்தன்-வேதாளம் கதைகள் சரிப்படும். 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா சிறுவர் இதழில் நம்மில் பலர் படித்ததுதான். வேதாளம் நீதி சொல்லாது, கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் விக்கிரமாதித்தன் தலை சுக்குநூறாகும். மூன்று அண்ணன் தம்பிகள் கதையில் தொடங்குங்கள். ஒருவனுக்குச் சோற்றில் சுடுகாட்டுப் புகை வாடை அடிக்கும். இன்னொருவனுக்கு ஏழு மெத்தைக்கு அடியில் கிடந்த ஒற்றை முடி உறுத்தி உடம்பு சிவந்துவிடும். (மிச்சம் ஒருவனை விட்டுவிடுங்கள், அது பெரியவர்கள் சமாசாரம்.) யார் கில்லாடி என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். தப்பாகச் சொன்னாலும் திருத்த வேண்டாம்.

வேதாளம் சொல்லும் கதைகளில், தலை மாறிப் பொருத்திய கதை மட்டும் இப்போதைக்கு வேண்டாம். நான் அவசரப்பட்டுச் சொல்லி, மகள் இரண்டு ராத்திரி விளக்கை அணைக்க விடவில்லை.