குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு கனோ ஸ்லாலம் (வேகநீரில் தொங்கும் கம்பு வாசல்கள் வழியே சிறு படகைச் செலுத்தும், நேரம் கணக்கிடும் போட்டி) பழக முடியுமா? எப்படித் தொடங்குவது?

முடியும், ஆனால் ஆற்றில் அல்ல, குளத்தில் தொடங்குங்கள். நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். கயாக் (உட்கார்ந்து துடுப்பு போடும் சிறு படகு) கவிழ்ந்தால் பதறாமல் வெளியே வருவதை ஆள் துணையோடு முதலில் பழகுங்கள்.

குளத்துக்குக் குறுக்கே கயிறு கட்டி இரண்டு கம்புகளைத் தொங்கவிட்டால் வாசல் தயார். போட்டியில் பச்சை வாசலை நீரோட்டத்தோடும், சிவப்பை நீரோட்டத்துக்கு எதிராகவும் கடக்க வேண்டும். கம்பில் உரசினால் 2 வினாடி, வாசலைத் தவறவிட்டால் 50 வினாடி கூடும். அதனால் வேகம் அப்புறம், திருப்பம்தான் முதலில்.

ஓடும் தண்ணீரில் பாறைக்குப் பின்னால் நீர் எதிர்த்துச் சுற்றும். படகின் மூக்கு அதில் நுழைந்ததும் திரும்பும் பக்கமே சாயுங்கள். மறுபக்கம் சாய்ந்தால் கவிழ்வது நிச்சயம்.

திற்பரப்பில் தடுப்பணைக்கு மேலே தண்ணீர் சாதுவாகத் தெரியும், கீழே அருவி. அந்த ஆசையே வேண்டாம். வேகநீர் பார்க்க, மழைக்காலத்தில் கோழிக்கோடு பக்கம் கோடஞ்சேரிக்குப் போங்கள். மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் என்ற வேகநீர் கயாக் போட்டி அங்கேதான் நடக்கிறது.