குடோன் சாவி யாரிடம் இருக்கிறது?

கேள்வி: எனக்கு 38 வயது. மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் 14 வருடமாக வேலை. சேல்ஸ்மேனாகச் சேர்ந்து இப்போது ஃப்ளோர் சூப்பர்வைசர். சம்பளம் 24 ஆயிரம். நான் சேரும்போது ஒரு கடை. இன்றைக்கு மூன்று கடை, ஒரு கல்யாண மண்டபம், முதலாளி மகனுக்கு ஒன்றரைக் கோடி ரூபாயில் கார். எனக்குப் போன வருடம் ஏறியது 700 ரூபாய். தீபாவளி போனஸ் என்று விற்காத சட்டைத் துணியைக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் போனால் இரவு பத்துக்குத்தான் வெளியே வருகிறேன். பில்லிங் பார்க்கணும், கேமரா பார்க்கணும், லேபர் ஆபீசர் வருகிறார் என்று போன் வந்தால் குடோனைத் திறந்து ஸ்டூல்களை இறக்கிப் போடணும், அவர் போனதும் திரும்ப ஏற்றணும், எல்லாவற்றுக்கும் நான் ஒருத்தன்தான். என் அம்மாவும் 22 வருடம் ஜவுளிக்கடையில் நின்று என்னை பி.காம். படிக்க வைத்தவர். இப்போது இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு, ஆபரேஷன் செய்யணும் என்கிறார் டாக்டர். அதனால் வேலையை விடவும் முடியவில்லை. இந்தப் பெரிய மனிதர்களின் ஆசைக்கு எல்லையே கிடையாதா? இந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது? விட்டுவிட்டுச் சொந்தமாக ஏதாவது செய்யலாமா?
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: தம்பி, உங்கள் கடிதம் நாலு பக்கம். அதில் மூன்றேமுக்கால் பக்கத்தை உறையைப் பிரிக்காமலே நான் சொல்லியிருப்பேன். முதலாளியின் கார், ஏறாத சம்பளம், பேருக்கு ஒரு போனஸ். பல வருடமாக எனக்கு வந்துகொண்டிருக்கிற கடிதம்தான் இது. திருப்பூரிலிருந்து வந்தால் பனியன் கம்பெனி, ஓசூரிலிருந்து வந்தால் ஃபேக்டரி, சென்னையிலிருந்து வந்தால் ஐ.டி. காரின் விலை மட்டும் வருடா வருடம் ஏறும். உங்கள் முதலாளி பேராசை பிடித்தவர்தான், ஒத்துக்கொள்கிறேன். போனஸ் என்பது சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதுவும் பணமாக. அந்தச் சட்டத்துக்குள் வருகிற யாருக்கும் சட்டைத் துணி கொடுத்துக் கணக்கை முடிக்க முடியாது. இது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதோடு அதை விட்டுவிடலாம்.

நான் பேச வேண்டியது அந்த ஸ்டூல்களைப் பற்றி.

உங்கள் வேலைச்சுமைக்குக் கணக்குக் காட்டும்போது, கேமராவுக்கு அடுத்ததாக, போகிற போக்கில் அதை எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியைத் தாண்ட முடியாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆமாம், நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அப்படியென்றால் உங்கள் கடையில் ஸ்டூல் இருக்கிறது. முதலாளி காசு கொடுத்து வாங்கியே வைத்திருக்கிறார். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, மூலையில் பழைய கட்டைப் பை மூட்டைகளுக்குப் பக்கத்தில் தூசி படிந்து கிடக்கும். ஆபீசர் வந்து போகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அவை கவுன்டருக்குப் பின்னால் வரிசையாக இருக்கும். அப்போதாவது கவுன்டரில் நிற்கிற அந்த சேல்ஸ் பெண்களை உட்கார விடுவீர்களா, அல்லது பக்கத்தில் நின்று புடவை மடிக்கச் சொல்வீர்களா? அதை நீங்கள் எழுதவில்லை. அவர் படி இறங்கியதும் 'எந்திரிங்க எந்திரிங்க' என்று சொல்வது யார்? முதலாளி அந்த நேரம் ஏ.சி. அறையில் இருப்பார், இல்லாவிட்டால் மண்டபத்துக்குப் போயிருப்பார். சொல்கிற வாய் உங்களுடையது. குடோன் சாவியும் உங்களிடம்தான் இருக்கிறது. ('போன் வந்தால்' என்கிறீர்களே, அந்த போன் எங்கிருந்து வருகிறது என்பது தனிக் கதை. இன்னொரு நாள் பார்ப்போம்.)

இப்போது அம்மாவுக்கு வருவோம். நரம்பு என்று நாம் வழக்கத்தில் சொல்கிறோமே தவிர, சுருண்டிருப்பது ரத்தக்குழாய். நடக்கும்போது கெண்டைக்கால் சதை இறுகித் தளர்ந்து, காலுக்குப் போன ரத்தத்தை மேலே தள்ளும். குழாய்க்குள் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் அது கீழே திரும்பாமல் பார்த்துக்கொள்ளும். நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, வருடக்கணக்கில் அந்த வால்வுகள் தளர்ந்து, குழாய் நீலமாகப் புடைத்துச் சுருளும். உங்கள் அம்மாவின் 22 வருடம் அவர் காலில் எழுதியிருக்கிறது. அதைத் தினமும் வீட்டில் பார்க்கிறீர்கள். பார்த்துவிட்டுக் கடைக்குப் போய், உசிலம்பட்டியிலிருந்தும் பேரையூரிலிருந்தும் வந்த இருபது வயதுப் பெண்களை நிற்க வைக்கிறீர்கள்.

அம்மா நின்ற காலத்தில் கடைகளில் ஸ்டூல் போடச் சொல்லிச் சட்டமில்லை. முதலில் கேட்டவர்கள் கேரளத்துப் பெண்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்கிற தையல்காரர், கடைகளில் வேலை செய்த பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்று அமைப்பு தொடங்கினார். முதலில் கழிப்பறைக்குப் போராடினார்கள். அப்புறம் உட்கார்வதற்கு. 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடு தன்னுடைய 1947-ஆம் வருடக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவில் உட்காரச் சந்தர்ப்பம் கிடைத்தால் உட்கார்ந்துகொள்ள, எல்லாத் தொழிலாளருக்கும் இருக்கை வேண்டும். அவ்வளவுதான் அது கேட்பது. ஒரு தையல்காரர் வருடக்கணக்கில் தெருவில் நின்று வாங்கிய ஸ்டூலை நீங்கள் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அதனால் சொல்கிறேன். முன்பெல்லாம் ஜவுளிக்கடையில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தைதான். வாங்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்காருவோம். எதிரே கடைக்காரரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்தபடியே புடவையை ஒரு உதறு உதறி நம் மடிவரை விரித்துவிடுவார். 'பிடிக்கலையா, விடுங்க' என்று அடுத்ததை எடுப்பார். அவர் கணக்குப்பிள்ளையா, சம்பளத்துக்கு வந்த பையனா என்று பார்த்தவுடன் தெரியாது, ஏனென்றால் இரண்டு பேரும் ஒரே மெத்தையில் இருப்பார்கள். சம்பளம் அன்றைக்கும் சொற்பம்தான், அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மெத்தை போய்க் கண்ணாடி கவுன்டர் வந்ததும் ஒரு பக்கம் மட்டும் எழுந்து நின்றுவிட்டது. இப்போது கடைகளில் புடவை எடுக்க வந்த பெண்ணோடு கூட வந்த கணவர் செல்போன் பார்க்க சோஃபா போட்டிருக்கிறார்கள். நாற்பது புடவை இறக்கிக் காட்டுகிறவளுக்கு ஒரு ஸ்டூல் கிடையாது.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். போன தீபாவளிக்கு முந்தின வாரம் விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் நானும் முக்கால் மணி நேரம் இறக்கச் சொல்லி, கடைசியில் ஒன்றே ஒன்று எடுத்தேன். அந்தப் பெண் பேச்சோடு பேச்சாக வலது காலைச் செருப்பிலிருந்து உருவி, உள்ளங்காலைச் சில்லென்ற டைல்ஸில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அதை உள்ளே விட்டுவிட்டு இடது காலை உருவினாள். முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. 'அந்தப் பச்சையை இன்னொரு தடவை காட்டும்மா' என்றேன். அவள் திரும்பி ரேக்கில் எக்கினாள். அந்தக் கடை சூப்பர்வைசர் கேமராவில் அவள் செருப்பைப் பார்த்திருப்பார், என்னைப் பார்த்திருக்க மாட்டார். நீங்கள் கேமராவில் பார்ப்பது திருட்டை மட்டும்தானா? மதியம் மூன்று மணிக்கு, கடையில் ஈ ஓட்டுகிற நேரத்தில், ஒருத்தி ரேக்கில் சாய்ந்தால் உங்கள் குரல் மைக்கில் வருமா வராதா? எனக்குப் பதில் எழுத வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

அடுத்து நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். 'குடும்பம் இருக்கும்மா, அம்மாவுக்கு ஆபரேஷன் இருக்கு, நான் என்ன செய்ய?' குடும்பம் என்கிற சொல்லை இப்படி மறைப்பாகப் பிடிப்பது எனக்குப் பிடிக்காது. நான் பழைய ஆள். பெற்றவளுக்குப் பட்ட கடன் மாத்திரை வாங்கிக் கொடுப்பதோடு தீர்ந்துவிடும் என்று நம்புகிறவள் இல்லை. அவள் எதில் தேய்ந்தாளோ அதில் இன்னொருத்தி பெற்ற பெண்ணைத் தேய விடாமல் இருப்பதும் அந்தக் கடனில் சேர்த்திதான். சந்தேகமிருந்தால் இன்று இரவு அம்மாவின் காலைத் தூக்கித் தலையணைமேல் வைக்கும்போது சொல்லிப் பாருங்கள்: 'எங்க கடையில ஸ்டூல் இருக்கும்மா, நான்தான் பூட்டி வச்சிருக்கேன்.' வாய் வருகிறதா பாருங்கள். வந்தால், அவர் முகத்தைப் பாருங்கள்.

சரி, என்ன செய்வது? வேலையை எறிந்துவிட்டு வரச் சொல்லவில்லை. நீங்கள் போனால் மறுநாள் சாவி இன்னொருவர் கைக்குப் போகும், ஸ்டூல் மேலேயேதான் இருக்கும். முதலாளியிடம் நியாயம் பேசவும் போகாதீர்கள், அது ஏறாது. அவருக்கு ஏறுகிற பாஷையில் பேசுங்கள். 'முதலாளி, எல்லா ஆபீசரும் சொல்லிட்டு வரமாட்டாங்க. ஒருத்தர் திடீர்னு நுழைஞ்சா மாட்டிக்குவோம். ஸ்டூல் கீழேயே கிடக்கட்டும்.' 14 வருட சூப்பர்வைசர் அபராதத்துக்குப் பயந்து சொல்கிறார் என்றால் கேட்பார். கீழே வந்த ஸ்டூல் எப்படியும் உட்காரத்தான் பயன்படும். முதல் நாள் அந்தப் பெண்கள் உட்காரமாட்டார்கள், பயப்படுவார்கள். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து நீங்களே போய் 'உக்காருங்கம்மா' என்று ஒரு தடவை சொல்ல வேண்டியிருக்கும். அவர் மறுத்துவிட்டால்கூட, சாய்ந்து நிற்பவளை மைக்கில் அதட்டாமல் இருக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். தொழிலாளர் துறைக்கு எழுதுவது அதற்கு அடுத்த படி. எழுதும்போது வேலை நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். அதே 1947 சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம்தான் வேலை. ஓவர்டைம் சேர்ந்தாலும் 10-ஐத் தாண்டக் கூடாது, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஒரு மணி நேர இடைவேளை. உங்கள் கடையில் சாப்பாட்டுக்கு எத்தனை நிமிடம் என்று நான் கேட்கவில்லை.

'என்னை அனுப்பிவிட்டால்?' ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் அனுப்பக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது. ஆகவே உங்களை அனுப்ப நேர்ந்தால், முதலாளியின் வக்கீல் எழுந்து 'இவர் நிர்வாகத்தில் ஒருவர்' என்று வாதாடுவார். 24 ஆயிரம் சம்பளம், 700 ரூபாய் உயர்வு, நிர்வாகத்தில் ஒருவர்! உங்களை அவர் தன் பக்கத்து ஆள் என்று கூப்பிடப் போவது அந்த ஒரு இடத்தில்தான். மற்ற நாளெல்லாம் நீங்கள் எந்தப் பக்கம் என்று அந்தப் பெண்களைக் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள்.

சொந்தமாக ஏதாவது செய்வதென்றால் அவசரப்பட்டு விலகல் கடிதத்தில் 'எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஐந்து வருடம் தாண்டியவருக்குப் பணிக்கொடை உண்டு. அடிப்படைச் சம்பளம் 16 ஆயிரம் என்று வைத்துக்கொண்டால், அதை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, 14 வருடத்தால் பெருக்குங்கள். ஒரு லட்சத்து 29 ஆயிரத்துச் சொச்சம் வரும். பி.எஃப். தனி. 21 ஆயிரத்தைத் தாண்டிவிட்டதால் இ.எஸ்.ஐ. உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம், விசாரித்துக்கொள்ளுங்கள். அம்மாவை அரசு ராஜாஜி மருத்துவமனையில் ஒரு தடவை காட்டிவிட்டு, அப்புறம் தனியார் மருத்துவமனைக்குக் கடன் வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

அடுத்த கடிதத்தில் முதலாளி மகனின் கார் வேண்டாம். குடோனில் எத்தனை ஸ்டூல் இருந்தது, எத்தனை கீழே வந்தது, அம்மா என்ன சொன்னார், இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள். ஒரு அஞ்சலட்டை போதும்.