நேர்மாறு வரிசையில் விழும் ஓட்டைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓர் எண் வரிசை. அதன் முதல் இரண்டு உறுப்புகள் 1, 2. அதன்பின் முந்தைய உறுப்போடு 1-ஐவிடப் பெரிய பொதுக் காரணி கொண்ட, இதுவரை வராத மிகச்சிறிய எண். இந்த விதிப்படி 12 உறுப்புகள் எடுத்தேன்: 1, 2, 4, 6, 3, 9, 12, 8, 10, 5, 15, 18. நேர்மாறை, அதாவது 1, 2, 3 என ஒவ்வோர் எண்ணும் எத்தனையாவதாக வருகிறது என்பதைக் கேட்டால் என் நிரல் 1, 2, 5, 3, 10, 4, 0, 8, 6, 9, 0, 7 என்கிறது. பூஜ்யங்களை நீக்கிவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

நீக்கவே கூடாது. நேர்மாறின் 7-ஆவது இடம் கேட்பது ஒன்றுதான்: 7 என்ற எண் எத்தனையாவதாக வருகிறது? பூஜ்யத்தை எடுத்தால் அங்கே 8 வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் உங்கள் வரிசையில் எட்டாவதாக இருப்பது 8, 7 அல்ல. அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே இடம் பெயர்ந்துவிடும்.

பூஜ்யத்துக்குப் பொருள் ‘7 இன்னும் வரவில்லை’ என்பது மட்டுமே. ஆகவே வராத மிகச்சிறிய எண்ணுக்கு முன்பே நிறுத்துங்கள்: 1, 2, 5, 3, 10, 4. இந்த ஆறையும் தயங்காமல் வெளியிடலாம். இன்னும் இரண்டே உறுப்புகள், 14, 7, சேர்த்துப் பாருங்கள். நேர்மாறு ஒரே தாவலில் பத்து இடம் வரை நிரம்பும்: 1, 2, 5, 3, 10, 4, 14, 8, 6, 9. அடுத்துத் தடுப்பது 11.

அணியின் (array) முதல் இடம் 0 என்று எண்ணும் நிரல்மொழியில் எழுதினால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். இல்லையென்றால் எல்லா விடையும் ஒன்று குறையும்.

எல்லா எண்ணும் கட்டாயம் வருமா என்பதுதான் ஆழமான கேள்வி. வராத எண் ஒன்று இருந்தாலும் நேர்மாறு அங்கே என்றென்றும் நின்றுவிடும். வரும் என்று கணித அறிஞர்கள் லாகாரியாஸ், ரெயின்ஸ், ஸ்லோன் மூவரும் 2002-இல் நிறுவினார்கள். அதன் மையக் கருத்து அழகானது. ஒரு பகா எண்ணின் மடங்குகள் முடிவின்றி வருகின்றன என்று கொள்வோம். அதன் மடங்கு ஒன்று வராமல் காத்திருந்தால், ஒவ்வொரு முறையும் அதுவும் போட்டியில் நிற்கிறது. அதை முந்த அதைவிடச் சிறிய எண்ணால்தான் முடியும். அவையோ எண்ணி முடிக்கக்கூடியவை. எனவே ஒருநாள் அதன் முறை வந்தே தீரும். இரட்டை எண்கள் முடிவின்றி வருகின்றன என்று காட்டிவிட்டால் எல்லா இரட்டை எண்களும் வந்துவிடும். அவற்றில் எந்தப் பகா எண்ணுக்கும் முடிவற்ற மடங்குகள் இருப்பதால், மீதி எண்களும் பின்தொடரும்.

பகா எண்கள்தான் உங்களைக் காக்க வைக்கும். 11 வருவது 20-ஆவதாக, 13 வருவது 28-ஆவதாக. நேர்மாறில் 12 இடம் வேண்டுமென்றால் 20 உறுப்புகள் கணக்கிடுங்கள்.