காய்கறி அழுகுகிறது, குளிர்பெட்டி வாங்கலாமா?

கேள்வி: பதினோரு வருடமாகச் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். தக்காளி, வெள்ளரி, கீரைதான் முக்கிய வியாபாரம். தினவட்டிக் கடனில் காலையில் 90 கையில் வாங்கினால் சாயங்காலம் 100 கட்ட வேண்டும். சரக்கு எடுப்பது மொத்தக் கடை வைத்திருக்கும் என் அண்ணனிடம். அவர் எப்போதும் இரண்டு பெட்டி சேர்த்தே ஏற்றிவிடுவார், மறுத்துப் பேச முடியாது. பத்துக்கு மூன்று லாபம் வைத்து விற்கிறேன், ஆனால் ஏழில் ஒரு பங்கு குப்பைக்குப் போகிறது. தவணையில் குளிர்பெட்டி வாங்கச் சொல்கிறார் அண்ணன். முன்பணத்துக்கு இன்னொரு கடன் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. காயைப் பார்த்து எடுப்பதையும் வெயில் படாமல் வைப்பதையும் நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினோரு வருடம் கடை நடத்தியவர் நீங்கள். ஆனால் இன்றைக்கு எவ்வளவு சரக்கு வாங்குவது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்வதே இல்லை. கடன்காரர் நீட்டும் தொகையும் அண்ணன் கடையில் மிஞ்சிய பெட்டியும் அதை முடிவு செய்கின்றன. அழுகல் அங்கேதான் தொடங்குகிறது.

நீங்கள் சொன்ன கணக்கையே போட்டுப் பார்ப்போம். 90க்குச் சரக்கு எடுக்கிறீர்கள். எல்லாம் விற்றால் 117 வரும். ஏழில் ஒரு பங்கு போனால் கையில் நிற்பது 100. கடனுக்குக் கட்டுவதும் 100. வண்டிக்கூலி இனிமேல்தான். அதாவது, அழுகல் இந்த அளவில் இருக்கும் நாளில் காலை முதல் இருட்டும்வரை கடன்காரருக்காகத்தான் நின்றிருக்கிறீர்கள். பதினோரு வருட உழைப்பு இப்படிப் போவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை.

சரி, நாளை முக்கால் பங்கு மட்டும் எடுங்கள். இப்போது உங்களிடம் நூற்றுக்கு 86 பங்குதான் விற்கிறது. 75 பங்கு வாங்கினால் விற்காமல் கிடப்பது அனேகமாக இருக்காது, நசுங்கியதும் அடிபட்டதும்தான் போகும். அதை 25இல் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கடன் 75, கையில் வருவது 67 சொச்சம், விற்று வருவது சுமார் 84. கடன் போக 9 மிச்சம். கடைசி நேரத்தில் வரும் இரண்டு மூன்று பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள். போகட்டும், நாளைக்குச் சீக்கிரம் வருவார்கள்.

அந்த 9இல் தினமும் 3 எடுத்துத் தனியாக வையுங்கள், அந்த அளவுக்கு மறுநாள் கடனைக் குறையுங்கள். 23 வியாபார நாளில் சரக்கு எடுக்கும் முதல் பணம் முழுக்க உங்களுடையதாகிவிடும். அதன்பின் அதே கடை, அதே முக்கால் சரக்கு, மிச்சம் ஏறக்குறைய 17. வட்டி குறையக் குறைய மிச்சம் கூடும், அதையும் சேர்த்து வைத்தால் இன்னும் சீக்கிரம் முடியும். இந்த நாட்களில் யார் கேட்டாலும் அந்தப் பணத்தைத் தொடாதீர்கள், வீட்டு அவசரம் என்றாலும்.

குளிர்பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். கடைக்கடையாக இதைத் தவணையில் விற்கிறார்கள், எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கீரைக்கு உறைநிலைக்குச் சற்று மேலான குளிர் வேண்டும். அதே குளிரில் வெள்ளரியை வைத்தால் தோலில் குழி விழுந்து நீர்கோத்துக்கொள்ளும், தக்காளி ருசி கெட்டு, காயாக இருந்தால் சரியாகப் பழுக்கவும் செய்யாது. இரண்டுக்கும் சுமார் 10 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. தவிர, பழுக்கும் தக்காளி எத்திலீன் என்ற வாயுவை விடும். மூடிய பெட்டிக்குள் பக்கத்திலேயே இருக்கும் கீரையை அது மஞ்சளாக்கிவிடும். உங்கள் மூன்று சரக்குக்கும் ஒரே பெட்டி ஒத்துவராது. அப்புறம், பெட்டி இருக்கிறது என்ற தைரியத்தில் இன்னும் இரண்டு பெட்டிச் சரக்கு ஏறும். மழையில் கடை போடாத நாளிலும் தவணை நிற்காது.

செலவில்லாமல் செய்ய ஒன்று உண்டு. கீரை மூட்டை வந்ததும் நடுவில் கையை விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். பறித்த பின்னும் கீரை சுவாசிக்கிறது, அந்தச் சூடுதான் அது. சூடு 10 டிகிரி கூடினால் சுவாசம் இரண்டு மூன்று மடங்காகும், அந்த வேகத்தில் கெடவும் செய்யும். அதனால் வந்த உடனே மூட்டையைப் பிரித்து நிழலில் பரப்பி, ஈரத்துணியால் மூடுங்கள். நூற்றுக்கு ஐந்து பங்கு நீர் போனாலே கீரை வாடித் தெரியும். எடைக்கு விற்பவருக்கு அந்த நீரும் காசுதான். தக்காளிப் பெட்டியை ஆழமாக அடுக்காதீர்கள், அடியில் இருப்பது மேலே உள்ள பாரத்தில் நசுங்கும்.

உங்கள் காற்று வறண்டதாக இருந்தால் பானைக்குள் பானை வைத்து, இடையில் ஈர மணல் போட்டு, உள்பானையில் காயை வைத்துப் பார்க்கலாம். மணலின் ஈரம் ஆவியாகும்போது உள்ளே குளிரும். நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் 1990களில் இதைப் பரப்பினார், 2000இல் ரோலெக்ஸ் விருதும் பெற்றார். புழுக்கமான ஊரில் இது அவ்வளவாக உதவாது.

அண்ணனிடம் பேசுவதுதான் கஷ்டம், தெரியும். வாதம் செய்யாதீர்கள். ஒரு வாரம், விற்றது எவ்வளவு, குப்பைக்குப் போனது எவ்வளவு என்று நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள். "அண்ணே, கூட ஏத்துற ரெண்டு பெட்டியை வித்தா மட்டும் காசு தரேன், விக்காதது சாயங்காலமே உங்ககிட்ட திரும்பி வந்துரும்" என்று சொல்லுங்கள். அதற்கு அவர் சம்மதித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த இரண்டு பெட்டியை மறுநாள் வண்டியிலிருந்து இறக்கவே விடாதீர்கள்.