தினம் ஒரு படம், 365 நாள்: கேட்டவங்களுக்கு என் பதில்

2024 பொங்கல் அன்னிக்கு ஆரம்பிச்சு 2025 போகி வரைக்கும் 365 நாள், தினம் ஒரு படம், போஸ்ட் கார்டு சைஸ்ல, எல்லாமே வீட்லயும் தெருவுலயும் கண்ணுல பட்ட சாமான் தான். நான் திருச்சி உறையூர், ஒரு ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், சாயங்கால கிளாஸ்ல கத்துக்கிட்டு பதினஞ்சு வருஷமா வரையறேன். கேள்வி நெறைய வந்துடுச்சு, முடிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

கேள்வி: அக்கா, தினம் என்ன வரையறதுன்னு எப்படி தோணுச்சு? எனக்கு மூணாவது நாளே ஒண்ணும் இல்ல.

பதில்: நீ நல்ல சப்ஜெக்ட் தேடுறேம்மா, அதான். நானும் மொத வாரம் மலைக்கோட்டை, காவிரி பாலம்னு தான் ஓடுனேன். பத்தாவது நாள் ராத்திரி பத்து மணி, கையில ஒண்ணும் இல்ல, சிங்க் பக்கத்துல ஆணியில குக்கர் காஸ்கெட் தொங்குது, சரின்னு அதையே வரைஞ்சேன். வட்டம்னு நெனச்சு போட்டா வட்டமே இல்ல, ஆணி புடிச்ச எடத்துல மேல கூரா இழுத்து கீழ தொங்கி கிட்டத்தட்ட மாங்கா மாதிரி இருக்கு, இத்தன வருஷமா தினம் கழுவி மாட்டுறேன், பாத்ததே இல்ல. அதுக்கப்புறம் டபரா, துணி கிளிப்பு, கேஸ் சிலிண்டர் மூடி, பால் கவர் வெட்டுன மூலை, பக்கத்து வீட்டு அக்கா செருப்புன்னு போய்க்கிட்டே இருந்துச்சு.

மே மாசம் ஒரே எலுமிச்சம்பழத்த தட்டுல வெச்சு 11 நாள் வரைஞ்சேன். மொத நாள் தோல்ல குட்டிக் குட்டி குழி, ஒவ்வொண்ணுலயும் ஒரு பளபளப்பு. ஆறாவது நாள் காம்பு பக்கம் பழுப்பு ஏறி பளபளப்பு போயிடுச்சு. பதினோராவது நாள் சுருங்கி கல்லு மாதிரி, தட்டுல போட்டா டக்குனு சத்தம் வருது. அந்த 11 கார்டையும் வரிசையா வெச்சா எனக்கு இப்பவும் மனசு என்னமோ பண்ணும்.

கேள்வி: மேடம், ஒரு நாள் கூட விடலையா? விட்டா மறுநாள் ரெண்டா போடலாமா?

பதில்: ஆறு நாள் விட்டுருக்கேன். அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப நாலு நாள், காய்ச்சல்ல ரெண்டு நாள். அந்த ஆறு கார்டும் தேதி மட்டும் எழுதி வெள்ளையா இருக்கு, மறுநாள் சேத்து போடல, போட்டா அந்த நாள் நடந்த மாதிரி ஆகிடும்ல. தைவான்ல பொறந்து நியூயார்க் போன டெசிங் ஷியேன்னு ஒரு கலைஞர், 1980 ஏப்ரல்ல இருந்து 1981 ஏப்ரல் வரைக்கும் ஒரு வருஷம் ஃபுல்லா, ராத்திரி பகல் பாக்காம மணிக்கு ஒரு தடவ, ஃபேக்டரில வேலைக்கு வர்றவங்க அடிக்கிற மாதிரி கார்டு பஞ்ச் பண்ணுனாரு. மொத்தம் 8,760 தடவ அடிக்கணும், அதுல 133 விட்டுப்போச்சு, பெரும்பாலும் தூங்கிட்டதால. அத மறைக்காம கணக்கோட எழுதி வெச்சாரு, எனக்கு அவர் மேல மரியாத வந்ததே அந்த 133 நாலதான். இன்னொரு பக்கம் ஜப்பான்ல பொறந்த ஆன் கவாரா, 1966 ஜனவரி 4ல இருந்து அன்னிய தேதிய மட்டும் கேன்வாஸ்ல பெயிண்ட் பண்ணுனவரு, நடுராத்திரிக்குள்ள முடியலன்னா அழிச்சுடுவாரு. தினமும் பண்ணல, ஆனாலும் கிட்டத்தட்ட 48 வருஷத்துல ஏறக்குறைய 3,000 படம். ரூல் எதுவா வேணா இருக்கட்டும், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க, நடுவுல மாத்தாதீங்க.

கேள்வி: என்ன பேப்பர், என்ன பெயிண்ட்? செலவு எவ்ளோ ஆகும்?

பதில்: 22க்கு 30 இஞ்ச் ஃபுல் ஷீட் வாட்டர்கலர் பேப்பர், 300 ஜிஎஸ்எம் (பேப்பர் எவ்ளோ கனம்னு சொல்ற கணக்கு), வாங்கி ஸ்டீல் ஸ்கேல் வெச்சு 4க்கு 6 இஞ்சா வெட்டுனா ஒரு ஷீட்டுக்கு 25 கார்டு வரும், 15 ஷீட்டுல வருஷமே முடிஞ்சுடும். காட்டன் பேப்பர்னா வெல ஜாஸ்தி, ஆரம்பிக்கறவங்க சாதா வாட்டர்கலர் பேப்பரே எடுங்க. 4க்கு 6னா இன்னொரு லாபம், பழைய போட்டோ ஆல்பம் வீட்ல சும்மா கெடக்கும்ல, அதுல கச்சிதமா உக்காரும். லைனுக்கு வாட்டர்ப்ரூஃப் பேனா, ஜெல் பேனா வேணாம், மேல தண்ணி பட்டா கரைஞ்சு ஓடிடும். கலர் மூணு தான்: அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), மஞ்சள் ஆக்கர் (மண் மஞ்சள்). நீலத்தையும் சியன்னாவையும் கலந்தா வர்ற சாம்பல்ல நம்ம எவர்சில்வர் பாத்திரம் முழுக்க வரைஞ்சுடலாம், நீலம் கூடுனா நெழல், சியன்னா கூடுனா அடுப்பு வெளிச்சம் பட்ட பக்கம், பளபளக்குற எடத்துக்கு பேப்பர் வெள்ளையவே விட்டுடணும்.

கேள்வி: ரெண்டு குழந்தைங்க வெச்சிருக்கேன் அக்கா, நேரம் எப்படி?

பதில்: 20 நிமிஷம். காலைல அடுப்புல குக்கர் ஏத்திட்டு அங்கயே நின்னு. இது எங்கம்மாகிட்ட இருந்து வந்ததுன்னு இப்ப தோணுது. அம்மாவோட கோல நோட்டு இன்னும் இருக்கு, "15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி"ன்னு பென்சில்ல எழுதி பக்கத்துல மார்கழி தேதி. விடியறதுக்கு முன்னாடி வாசல் தெளிச்சு போடுவாங்க, பத்து மணிக்கெல்லாம் சைக்கிள் ஏறி அழிஞ்சிருக்கும், மறுநாள் வேற. ஒரு நாள் கூட "இன்னிக்கு மூடு இல்ல"ன்னு சொல்லி நான் கேட்டதில்ல. நேரம் சின்னதா இருந்தா சைஸும் சின்னதா வெச்சுக்கோங்க, அவ்ளோதான்.

கேள்வி: 62 வயசாச்சும்மா, கண்ணும் சரியில்ல. இப்ப ஆரம்பிக்கலாமா?

பதில்: கண்டிப்பா ஐயா. மதுரையில வளந்த மனோகர் தேவதாஸ் சாருக்கு கண் பார்வை கொஞ்சம் கொஞ்சமா கொறையற நோய், அப்படியும் பேனா மையில மதுரைய அவ்ளோ நுணுக்கமா வரைஞ்சாரு. 2022ல காலமானாரு. நல்ல வெளிச்சம், ஒரு பூதக்கண்ணாடி, தடிமனான பேனா, இத வெச்சு ஆரம்பிங்க. கோடு நடுங்குனா நடுங்கட்டும் ஐயா, அது உங்க கோடு.

கேள்வி: தினம் வரைஞ்சு ஒருத்தர் கோடிக்கணக்குல வித்தாராமே?

பதில்: பீப்பிள்ங்கற பேருல கம்ப்யூட்டர்ல படம் பண்ற அமெரிக்கக்காரர் மைக் விங்கல்மன். 2007 மே 1ல இருந்து தினம் ஒண்ணு, மொத 5,000 படத்த சேத்து ஒரே ஃபைலா 2021 மார்ச்ல கிறிஸ்டீஸ் ஏலத்துல 6.93 கோடி டாலருக்கு போச்சு, வாங்குனதும் ஒரு தமிழர் தான், சிங்கப்பூர்ல இருக்கிற விக்னேஷ் சுந்தரேசன். எல்லாரும் அந்த தொகைய பேசுறாங்க. ஆனா 13 வருஷத்துக்கு மேல, வாங்க ஆள் இருக்கா இல்லையான்னு பாக்காம தினமும் உக்காந்தாரு பாருங்க, நான் அததான் பேசுவேன். பணத்துக்காகன்னா தயவுசெஞ்சு வேணாம், ரெண்டாவது மாசமே கசந்துடும்.

கேள்வி: 9 வயசு பையனுக்கு?

பதில்: 30 நாள் போதும். திருத்தாதீங்க, பக்கத்துல உக்காந்து நீங்களும் வரைங்க.

கேள்வி: முடிஞ்ச அப்புறம் என்ன பண்ணீங்க அக்கா?

பதில்: காணும் பொங்கல் அன்னிக்கு மொட்டமாடியில துணி காயப்போடுற கயித்துலயே எல்லா கார்டையும் கிளிப்பு போட்டு மாட்டுனேன், வெள்ளை கார்டு ஆறும் சேத்து. தெருவே ஏறி வந்துச்சு. பக்கத்து வீட்டு அக்கா அவங்க செருப்ப கண்டுபிடிச்சுட்டாங்க, வார் அறுந்து ஊக்கு குத்துன எடம் கூட இருக்கேன்னு ரொம்ப நேரம் அங்கயே நின்னாங்க. அந்த கார்டு இப்ப அவங்க வீட்டு சாமி ஷெல்ஃப் பக்கத்துல இருக்கு, என் ஆல்பத்துல ஒரு பாக்கெட் காலி.